கருநீல நூல்

அத்தியாயம் 11

ரச்சனி காலையிலிருந்து மூன்று ஊசிகளை உடைத்திருந்தாள்.

முப்பத்திரண்டு வருஷமாகத் தாய்லாந்தின் ரோய் எட் ஊரில் பள்ளிக்கூடச் சட்டைகளில் பேர் தைத்துக் கொடுக்கிற கை அது. கண்ணை மூடிக்கொண்டு தைத்தாலும் எழுத்து கோணாது. அந்தக் கை ஒரே காலையில் மூன்று ஊசியை உடைத்தது என்றால் கேவலம்தான். ஆனால் நேற்றுச் சாப்பாட்டு வேளையில் அவள் புருஷன் சம்னான் தூக்கிப் போட்ட குண்டை நீங்களும் கேட்டீர்கள். ஊசி உடையாமல் என்ன செய்யும்?

கேட்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சம்னான் இந்த வருஷம் நகரச் சேவைச் சங்கத்துக்குத் தலைவர். வருஷா வருஷம் வெளிநாட்டிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளைச் சங்கத்தார்தான் ஆளுக்கொரு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். இந்தத் தடவை இரண்டு பேர். பிரேசில் பையனைப் பல் டாக்டர் அழைத்துக்கொண்டார். ஃபின்லாந்துப் பெண்ணை வைத்துக்கொள்வதாகச் சொன்ன அரிசி ஆலைக்காரர், மாமியாருக்கு இடுப்பு முறிந்துவிட்டது என்று கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். தலைவர் என்ன செய்தார்? மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு, நாலு நாள் ஊமையாக இருந்து, நேற்று மூங்கில் குருத்துக் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

“நாளைக்குச் சங்கத்துல அறிவிக்கணும், ரச்சனி. சாயங்காலமே அந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு வந்துடும்.”

அதற்கு அவள் சொன்ன பதிலை இங்கே அச்சிட முடியாது. இன்று காலை கடையைத் திறந்ததும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டாள்.

“உலகத்துல எத்தனை ஊர் இருக்கு! அந்த ஊர்ப் பொண்ணுதான் என் வீட்டுக்கு வரணுமா?”

“அந்த ஊர்ச் சங்கமும் நம்ம சங்கமும் முப்பது வருஷமா பிள்ளைங்கள மாத்தி மாத்தி அனுப்புறோம். இது நான் போட்ட திட்டமா?”

“மேல் ரூம் பூட்டித்தான் இருக்கும். இப்பவே சொல்லிட்டேன். வேணும்னா அவ இங்கேயே துணிக்கட்டுக்கு நடுவுல படுத்துக்கட்டும்.”

“பதினாறு வயசுப் பொண்ணைத் துணிக்கட்டுக்கு நடுவுலயா? அவங்க ஊர்ப் பேப்பர்ல போடுவாங்க.”

“போடட்டும். கடைப் பேரை மட்டும் எழுத்துப் பிழை இல்லாம போடச் சொல்லுங்க.”

சம்னான் சிரித்துவிட்டார். சிரித்தது தப்பு. நாலாவது ஊசியும் போயிற்று.

மாடி அறையின் சாவி ரச்சனியின் இடுப்பில், கத்தரிக்கோலோடு ஒரே வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்களின் ஒரே மகள் பிம்முடைய அறை அது. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால், பதினேழு வயதில், இதே சங்கத்தின் மூலமாக ஃபின்லாந்துக்குப் போனவள் பிம். போனது ஒரு வருஷத்துக்குத்தான். திரும்பி வந்தாள், இங்கே படித்தாள், மறுபடி அங்கேயே வேலைக்குப் போனாள். அதுவரைக்கும் ரச்சனிக்கு ஒரு குறையும் இல்லை. ஏப்ரல் புத்தாண்டு தோறும் மகள் வருவாள், வீடு நிறையும், போவாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு புத்தாண்டுக்கு அவள் வரவில்லை. “இங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லம்மா. பக்கத்துல வேற யாரும் இல்ல” என்றாள் போனில். பதினேழு வயதில் அவளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட ஃபின்லாந்துக்காரியைத்தான் அப்படிச் சொன்னாள். அதே வாரம் பித்தப்பைக் கல்லை எடுக்க ரச்சனிக்கு ஆபரேஷன் நாள் குறித்திருந்தது. மகள் வந்ததும் நேரில் சொல்லலாம் என்று வாயை மூடி வைத்திருந்தாள். இப்போது மூடிய வாய் வேறு ஒன்றுக்குத் திறந்தது.

“உனக்கு அம்மா அங்கேயே இருக்கால்ல? இங்க ஒருத்தி எதுக்கு?”

சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பிம் நாலு தடவை கூப்பிட்டாள், அவள் எடுக்கவில்லை. அதன் பிறகு பிம்மும் கூப்பிடவில்லை. பிடிவாதம் அம்மாவின் சொத்து, மகள் முழுசாக எடுத்துக்கொண்டு போயிருந்தாள். ஆபரேஷன் ஆன விஷயம் அவளுக்கு இன்றுவரை தெரியாது என்றுதான் ரச்சனி நினைத்துக்கொண்டிருந்தாள். சம்னான் தனியாக மகளிடம் பேசுகிறாரா என்று அவள் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே!

பிள்ளை பெற்ற புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் ‘அப்பா’, ‘அம்மா’ என்று கூப்பிட்டுக்கொள்வது இந்த ஊர் வழக்கம். அதையும் ரச்சனி நிறுத்திவிட்டாள். “என்னை அம்மான்னு கூப்பிடாதீங்க. எனக்குப் பேர் இருக்கு.” அன்றிலிருந்து சம்னானுக்கு அவள் வெறும் ரச்சனி.

ஊசி மாற்றிவிட்டு, புது ஊசியைச் சோதிக்க மேஜை இழுப்பறையிலிருந்து மாதிரித் துணிச் சுருளை எடுத்தாள். அதை எடுத்ததுதான் வம்பாயிற்று.

சட்டையில் தைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பேரையும் ஒரு தடவை அந்த வெள்ளைத் துணியில் தைத்துப் பார்ப்பது அவள் பழக்கம். ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறு துணி. இந்தச் சுருள் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும். வந்த பிள்ளைகளுக்கெல்லாம் சங்கத்தார் தாய்லாந்துப் பேர் வைப்பார்கள்; அந்தப் பேர்தான் சட்டையில் ஏறும். கல்யாணமான முதல் வருஷம் தைத்தது ‘யானை’ என்று. அவன் ஆறடி உயர ஆஸ்திரேலியாக்காரன். அவனுக்கு எந்தக் கடையிலும் அரைக்கால் சட்டை கிடைக்காமல், அவள் மாமனாரின் வேட்டித் துணியில் வெட்டிக் கொடுத்தாள். அடுத்து ‘மல்லிகை’. கனடாக்காரி, தினமும் அழுவாள், ஊருக்குப் போகும் நாளில் போகமாட்டேன் என்று அழுதாள். ‘மழை’, ‘மாங்காய்’, ‘சின்னவன்’. மாங்காய் இப்போது ஜெர்மனியில் கண் டாக்டர். வருஷப் பிறப்புக்கு இன்னமும் அட்டை போடுகிறான், கோழிக் கிறுக்கல் தாய்லாந்து எழுத்தில்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் மத்தியில் ஒரே ஓர் உள்ளூர்ப் பேர் இருந்தது. ‘பிம்’. ஐந்து வயதில் அவள் அடம் பிடித்ததால் தைத்தது. “எனக்கும் இந்தத் துணியில போடு. நானும் பெரிய பிளேன்ல போவேன்.” எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளேன் வேறு தைக்கச் சொன்னாள். ரச்சனி தைத்த பிளேன் கத்தரிக்காய் மாதிரி இருந்தது.

என் கையாலேயே பிளேன் தைத்து அனுப்பியிருக்கிறேன் பார் என்று ரச்சனி தன் தலையில் குட்டிக்கொண்டாள். சுருளை உள்ளே தள்ளி இழுப்பறையைச் சாத்தினாள்.

---

சங்கத்தின் மதியக் கூட்டம் ஏரிக்கரை ஹோட்டலில். மேடைச் சுவர் முழுக்க முக்கோணத் துணிக்கொடிகள். வந்துபோன ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊர்ச் சங்கத்தின் கொடியைக் கொடுத்து இந்தச் சங்கத்தின் கொடியை வாங்கிக்கொண்டு போனதன் அடையாளம். பழைய கொடிகள் வெயில் பட்டு எல்லாம் ஒரே பழுப்பாகியிருந்தன. கீழ்வரிசையில் ஒரு கொடியை ரச்சனி பார்க்காமல் உட்கார வேண்டியிருந்தது. பிம் ஃபின்லாந்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தது அது.

தலைவர் மணியை அடித்தார். காயோ என்கிற பிரேசில் பையன் முதலில் எழுந்து, கொடியைக் கொடுத்து, நாலு வார்த்தை தாய்லாந்து மொழியில் பேசினான். அதில் மூன்று வார்த்தை சாப்பாட்டின் பேர். கூட்டம் கைதட்டியது.

“இவனுக்கு ‘கோழிக்கால்’னு பேர் வைங்க. என் வீட்டுல ஒரு வாரத்துல பன்னெண்டு கோழி காலி!” என்றார் பல் டாக்டர்.

அடுத்து ஃபின்லாந்துப் பெண் எழுந்தாள். ஹெல்மி. மெலிந்த உடம்பு, காய்ந்த வைக்கோல் நிறத் தலைமுடி, மழைக்காலப் புழுக்கத்திலும் மணிக்கட்டு மூடிய முழுக்கைச் சட்டை. ரச்சனி தட்டில் இருந்த பப்பாளிச் சாலட்டை மட்டும் பார்த்துக்கொண்டாள். பார்க்காமல் இருக்கலாம், காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“எல்லாருக்கும் கும்புடறேனுங்க. என் பேரு ஹெல்மி. எங்க ஊர்ல அதுக்கு முத்துன்னு அர்த்தமுங்க. எனக்குக் காரம் ஆகாதுங்க, ஆனா யாரும் கேக்க மாட்டேங்கறீங்க.”

ஹாலே ஆடிப்போயிற்று. பாங்காக் பேச்சு இல்லை, புத்தகப் பேச்சு இல்லை. அச்சு அசல் ரோய் எட் சந்தைப் பேச்சு! தலை நரைத்த மனிதர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். செயலாளர் கான்சனா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “யாரடி உனக்குச் சொல்லிக் குடுத்தா?”

ஹெல்மி பதில் சொல்வதற்குள் பரிமாறுகிறவர் கை தவறி மூடியைக் கீழே போட்டார். டமார்! அவள் துள்ளிக் குதித்து நெஞ்சில் கைவைத்துச் சொன்னாள்.

“அட என் ஊசியே!”

ரச்சனியின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

தாய்லாந்து பூராவும் தேடினாலும் பதறினால் ஊசியைக் கூப்பிடுகிறவள் ஒருத்திதான். அது ரச்சனியின் வார்த்தை. கல்யாணமான புதிதில் விரலில் ஊசி ஏறி வாயில் வந்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. அதை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டவள் இன்னொருத்திதான்.

ஆக, சொல்லிக்கொடுத்தது யார் என்று தெரிந்துவிட்டது. ரச்சனிக்குக் கோபம் வந்தது. கோபம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள்.

“அடுத்து, ஹெல்மி இனிமே இருக்கப் போறது எங்க வீட்டுல. அம்மா ரச்சனி, அப்பா நான்” என்று சம்னான் அறிவித்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் அறிவித்தார்.

பிறகு நூல் கட்டும் சடங்கு. வாழை இலையைச் சுருட்டிக் கட்டிய கோபுரத்தைப் பூவும் அவித்த முட்டையுமாக நடுவில் வைத்தார்கள். அதிலிருந்து வெள்ளை நூல்கள் தொங்கின. ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு உடம்பு முன்னாடி வந்துவிடும், உயிர் பின்னாலேதான் மெதுவாக நடந்து வரும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, மணிக்கட்டில் நூலால் கட்டி வைக்க வேண்டும். கட்டிய நூலைக் கத்தரிக்கக் கூடாது; தானாக அவிழ வேண்டும், இல்லையென்றால் கழற்றி எடுக்க வேண்டும். ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் தோங்தாதான் சங்கத்தில் உயிரைக் கூப்பிடுகிறவர். தபால் சேர்த்த குரல், உயிர் எங்கே இருந்தாலும் போய்ச் சேரும் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

எல்லோரும் வரிசையில் நின்றார்கள். வீட்டுக்கு அம்மாவாக வருகிறவள்தான் முதலில் கட்ட வேண்டும்.

ரச்சனி எழுந்தாள். எழுந்து நேராகச் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டாள்.

கான்சனா டீச்சர் பின்னாலேயே வந்தாள். “அக்கா, இதென்ன சின்னப்பிள்ளைத்தனம்? அங்க அந்தப் பொண்ணு கையை நீட்டிக்கிட்டு நிக்குது.”

“எனக்கு விரல்ல ஊசி குத்தியிருக்கு. முடிச்சுப் போட வராது.”

“உங்களுக்கா? முடிச்சுப் போட வராதா? இதைப் போய் வேற ஊர்ல சொல்லுங்க.”

“டீச்சர், நீங்க போய்க் கட்டுங்க. ஊரே கட்டுது, நான் ஒருத்தி கட்டலைன்னா அந்தப் பொண்ணோட உயிர் ஒண்ணும் பஸ்ஸைத் தவறவிடாது.”

சமையல்கட்டுக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். சம்னான் கட்டினார், தோங்தா கட்டினார், டாக்டர் குடும்பம் கட்டியது, ஹோட்டல் டிரைவர்கூடக் கட்டினார். எல்லோருக்கும் ஹெல்மி வலது கையையே கொடுத்தாள். யாரோ இடது கையைக் கேட்டபோது, சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டு தலையாட்டி மறுத்துவிட்டாள்.

இழுத்து மூடுவதற்கு முன்னால், ஒரு நொடி, அங்கே ஏதோ கருநீலமாகத் தெரிந்தது. ரச்சனி கண்ணைக் கசக்கிக்கொண்டாள். வயசாகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

---

நாலரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. சம்னான் ஹெல்மியையும் அவள் பெட்டியையும் கடைக்குள் கொண்டுவந்து விட்டு, இரண்டு பெண்களுக்கு நடுவில் நிற்பதைவிட நனைவது மேல் என்று காரை நிறுத்தப் போய்விட்டார்.

“பள்ளிக்கூடச் சட்டைக்கு அளவு எடுக்கணும். நில்லு இப்படி” என்றாள் ரச்சனி.

ஹெல்மி நின்றாள். தோள், மார்பு, உயரம். டேப் அது பாட்டுக்கு நகர்ந்தது. ரச்சனி வாயால் அளவை மட்டும் பேசினாள். பெண்ணும் எதிர்ப் பேச்சுப் பேசாமல், கடையை ஒரு மூலை விடாமல் கண்ணால் தடவிக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் படித்த இடத்துக்கு நேரில் வந்தவளைப் போல, தையல் மெஷினையும் இழுப்பறையையும் மாடிப்படியையும் அடையாளம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூணாவது இழுப்பறையிலதானுங்களே அந்தத் துணிச் சுருள் இருக்கு? கத்தரிக்காய் பிளேன் போட்டது?”

ரச்சனி டேப்பை இழுத்துப் பிடித்தாள். “இடது கையை நீட்டு.”

ஹெல்மி தயங்கினாள். நீட்டினாள்.

ரச்சனி சட்டைக் கையை மேலே தள்ளினாள். வெளுத்த மணிக்கட்டில் ஒரே ஒரு நூல். வெள்ளை இல்லை. பழசாகி, மங்கி, ஆனாலும் கருநீலம். சீருடையில் பேர் தைக்கிற கருநீலம். முடிச்சு தட்டையாக, இழுத்தால் இறுகுகிற மாதிரி போட்டிருந்தது. அந்த முடிச்சைப் போட்ட கை யாருடையது என்று ரச்சனிக்கு வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் பிம்மைச் சங்கத்தில் நூல் கட்டி அனுப்பிய அன்று ரச்சனியால் போக முடியவில்லை. அவசர ஆர்டர், இருநூறு சட்டை. கடைசிச் சட்டையை முடித்துவிட்டு, தோளில் டேப்போடு பஸ் நிலையத்துக்கு ஓடினாள். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். வெள்ளை நூலுக்கு எங்கே போவது? முன்பாக்கெட்டில் ஒரு கருநீலக் கண்டு கிடந்தது. ஜன்னல் வழியே மகளின் கையை இழுத்து அதைக் கட்டிவிட்டாள். “கலர் நூல் கட்டக் கூடாதம்மா” என்று பக்கத்தில் நின்ற யாரோ சொன்னார்கள். “வெள்ளை நூலை ஊரே கட்டும். இது என் நூல். இவ உயிருக்குத் தெரியும்” என்றாள் ரச்சனி. தலைசுற்றாமல் இருக்க மூக்கில் வைத்து உறிஞ்சும் தைலக் குழலை மகளின் பையில் திணித்தாள். பஸ் போய்விட்டது.

அந்த நூல்தான் இது. பிம் கத்தரிக்கவில்லை. பதிமூன்று வருஷம் வைத்திருந்து கழற்றி அனுப்பியிருக்கிறாள்.

“யாரு குடுத்தா?” கேட்க வேண்டியே இல்லை. ஆனாலும் கேட்டாள்.

“பிம் அக்கா.”

“எதுக்குக் குடுத்தா? வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாளா?”

ஹெல்மியின் கண் கலங்கியது. “அதைச் சொல்லக் கூடாதுங்க. சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“என் வீட்டுல நின்னுக்கிட்டு எனக்கே ரகசியமா?”

“ஆமாங்க” என்றாள் அந்தப் பெண், தலையைக் குனிந்துகொண்டு. ஆனாலும் இடது கையை அவள் பின்னால் இழுத்துக்கொள்ளவில்லை. நீட்டியபடியே வைத்திருந்தாள். வலது கையில் முழங்கை வரைக்கும் ஊராரின் வெள்ளை நூல்கள். இடது கையில் அந்த ஒன்று மட்டும். மீதி இடம் காலி.

யாருக்காக அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கிறாள் என்பது ரச்சனிக்கு அப்போதுதான் உறைத்தது. மதியம் தன்னை எல்லோரும் தேடிய நேரத்தில் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றதை நினைத்து வெட்கமாக இருந்தது. பதினாறு வயசு. தன் அம்மாவை விட்டுவிட்டு எங்கிருந்தோ வந்திருக்கிறது. இதன்மேல் எனக்கு என்ன கோபம்? எவளோ ஒரு ஃபின்லாந்துக்காரி அன்றைக்கு என் பிள்ளையின் கையை இப்படித் தள்ளிவிட்டிருந்தால்?

கடையில் வெள்ளை நூல் ஏழு கண்டு இருந்தது. ரச்சனியின் கை மெஷின் மேலிருந்த கருநீலக் கண்டுக்குத்தான் போனது.

ஒரு முழம் இழுத்துக் கடித்து அறுத்தாள். யாரும் சொல்லாமலே ஹெல்மி வலது கையைத் தூக்கி முகத்தருகே கும்பிடுகிற மாதிரி வைத்துக்கொண்டாள். அதையும் பிம்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ரச்சனி நூலால் அவள் புறங்கையை வருடி, வழக்கமான வார்த்தைகளைச் சொல்லத் தொடங்கினாள்.

“வா... காட்டுல இருந்தாலும் வா, கரையில இருந்தாலும் வா. பனியில நின்னது போதும், வா. யார் வீட்டு அடுப்புப் பக்கத்துல குளிர் காஞ்சாலும் எந்திரிச்சு வா. சோறு ஆறிக்கிட்டு இருக்கு. வீட்டுக்கு வந்துடு, பிம்மு, வந்துடு...”

முடிச்சைப் போட்டுவிட்டாள். பிறகுதான் தன் வாயில் வந்த பேர் அவள் காதில் விழுந்தது.

“ஐயோ! பேரை மாத்திக் கூப்பிட்டுட்டேனே. இரு, அவிழ்த்துட்டு மறுபடி...”

“வேண்டாம்! வேண்டாமுங்க!” ஹெல்மி மணிக்கட்டைப் பொத்திக்கொண்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். “இதுக்குத்தான் காத்திருந்தேன்.”

பழைய நூலை விரல்களைக் குவித்து மெதுவாகக் கழற்றி ரச்சனியின் உள்ளங்கையில் வைத்தாள்.

“பிம் அக்கா சொன்னாங்க, ‘அம்மா தானா முன்வந்து உனக்குக் கட்டினா, இதை அவங்ககிட்ட குடுத்துட்டு விஷயத்தைச் சொல்லு. அப்பா சொல்லிக் கட்டினா செல்லாது. கட்டவே இல்லைன்னா வாயைத் திறக்காம எடுத்துட்டு வந்துடு’ன்னு. உங்களுக்கு ஆபரேஷன் ஆனது போன வருஷம்தான் அவங்களுக்குத் தெரிஞ்சுதுங்க. ஒரு நாள் முழுக்க அழுதாங்க. போன் பண்ணா நீங்க எடுக்க மாட்டீங்கன்னு பயம்.”

“விஷயம்னா... என்ன விஷயம்?”

“நேத்தே பாங்காக் வந்துட்டாங்க. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துல தங்கியிருக்காங்க. ஏழு மணிக்கு ரோய் எட் பஸ். நான் அனுப்பினா ஏறுவாங்க. இல்லேன்னா திரும்பிப் போயிடுவாங்க.” ஹெல்மி போனை எடுத்தாள். “என்னன்னு அனுப்பட்டுங்க?”

கடிகாரத்தில் மணி ஐந்தே கால்.

நனைந்த தலையோடு சம்னான் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. ரச்சனி அவரைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

“போன வருஷம் ஆபரேஷனைப் பத்தி அவகிட்ட சொன்னது யாரு?”

“மழை பலமா இருக்கு” என்றார் சம்னான்.

“அரிசி ஆலைக்காரர் மாமியாருக்கு நிஜமாவே இடுப்பு முறிஞ்சுதா?”

“அது நிஜம்! அது மட்டும் நிஜம், அம்மா!”

ஐந்து வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து தவறி விழுந்தது. ரச்சனி அதைத் திருத்தவில்லை. இடுப்பிலிருந்து சாவி வளையத்தை உருவிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். குரல் எப்போதும்போலக் கடைக்காரி குரலாகவே வந்தது.

“ஜன்னல் சீட்டா பார்த்து ஏறச் சொல்லு. இல்லேன்னா வழி பூரா வாந்தி எடுப்பா. தைலக் குழல் ஒண்ணு வாங்கிக்கச் சொல்லு. பஸ் நிக்கிற இடத்துல கண்டதைத் தின்னக் கூடாதுன்னு சொல்லு.”

கீழே ஹெல்மி பரபரவென்று தட்டினாள். மேலே பூட்டில் சாவி திரும்பியது. துருப்பிடித்திருந்தது, ஆனாலும் திரும்பியது. மூடிக் கிடந்த அறையின் வாசனை முகத்தில் அடித்தது. ரச்சனி கதவை நன்றாகத் தள்ளித் திறந்தாள். கட்டில், தலையணை, சுவரில் உலகப் படம். விரிப்பை உதற வேண்டும், ஜன்னலைத் திறக்க வேண்டும், கொசுவலைக்கு ஆணி இருக்கிறதா பார்க்க வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஹெல்மிக்குப் பாய் போட்டுவிடலாம், இரண்டு பெண்களும் பேசிக்கொண்டு கிடப்பார்கள்.

“பதில் வந்துடுச்சுங்க!” என்று கீழிருந்து ஹெல்மி கத்தினாள். “நிறைய அழுகை பொம்மை போட்டிருக்காங்க. ஜன்னல் சீட்டு ஒண்ணுதான் கிடைக்குமாம். ரெண்டு பேர்ல யாரு உக்காரணும்னு கேக்குறாங்க.”

ரச்சனி படி முனைக்கு வந்தாள். “ரெண்டு பேரா?”

ஹெல்மி வாயில் கையை வைத்துக்கொண்டாள். “அட என் ஊசியே! இதை நாளைக்குத்தான் சொல்லணும்னாங்க.”

“கூட யாருடி வர்றது?”

“அங்க இருக்கிற அம்மா. அவங்களுக்கும் பஸ்ல தலை சுத்துமாம். உங்களைப் பார்க்காம போக மாட்டேன்னு கூடவே வந்துட்டாங்க.”

ரச்சனி மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். சம்னான் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

“சத்தியமா எனக்கு ஒருத்தி வர்றதுதான் தெரியும்!”

மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. ஹெல்மி போனின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு பதிலுக்காக நிமிர்ந்து பார்த்தாள். ரச்சனி பழைய நூலைக் கைக்குள் மூடிக்கொண்டு, திறந்த கதவுக்கு உள்ளே திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒரே ஒரு கட்டில்தான் இருந்தது.